வெள்ளிக்கிழமைகளில் கண் மூடும் கேமரா

நெட்டுக்குப்பத்தில் ஜோதிகாவின் காரை யாரும் கார் என்று சொல்வதில்லை. தெருமுனையில் அந்த வெள்ளை வண்டியின் மூக்கு தெரிந்ததும், வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் "ராமதாஸ் படகு வருது, வழி உடு" என்பார்கள். கேலிக்காகச் சொல்வதில்லை. ராமதாஸின் பைபர் படகையும் எஞ்சினையும் விற்ற பணத்தில்தான் அந்தக் கார் வந்தது.

ராமதாஸ் போய் மூன்று வருடம் ஆகிறது. ஐப்பசியில் ஒரு நாள் மூன்று பேராகக் கடலுக்குப் போனார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள். படகும் திரும்பியது. படகு திரும்பி வந்ததைத்தான் அந்த வீட்டுப் பெண்களால் தாங்க முடியவில்லை. முகத்துவாரத்து மணலில் அது கிடந்த கோலத்தை அவன் அம்மா பவுனம்மாள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மனைவி ஜோதிகா ஒரு நாள்கூடப் போகவில்லை. ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு திருவொற்றியூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே படகை விற்றுவிட்டாள்.

பவுனம்மாள் தடுக்கவில்லை. ஆனால் கார் வந்து வாசலில் நின்ற அன்று, கையில் பித்தளைச் செம்போடு வந்தாள். செம்பில் மஞ்சள் கரைத்த கடல் தண்ணீர். அது அவள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை விடியும் முன் கடலில் ஒரு செம்பு மொண்டு வந்து, படகின் மூக்கான அணியத்தில் ஊற்றிவிட்டுத்தான் ஆணை அனுப்புவாள். மாமனாருக்கும், புருஷனுக்கும், பிள்ளைக்கும் அப்படித்தான் ஊற்றினாள்.

ஜோதிகா செம்பைக் கையால் மறித்தாள். "வேணாம் அத்தே. இது இரும்பு. உப்புத்தண்ணி பட்டா துரு புடிச்சி பூடும்."

பவுனம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். செம்பைக் கவிழ்க்கவில்லை. அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "இந்தா" என்பாள். சோறு ஆறுகிறது என்றால் "இந்தா". கதவைத் தாழ் போடு என்றால் "இந்தா". ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதவைகள். நடுவில் அந்த ஒரு சொல்தான் போய்வந்துகொண்டிருந்தது.

திருவொற்றியூரிலிருந்து ஜோதிகாவின் அம்மா போனில் கேட்பாள். "புருசன் இல்ல, புள்ள இல்ல. அந்தக் கெழவிகூட இன்னாத்துக்குடி குந்திகினு கீற? இங்க வந்து வண்டி ஓட்டு."

"பாக்கலாம்மா" என்பாள் ஜோதிகா. பார்க்கவே மாட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. சில கேள்விகளுக்குப் பதில் இருப்பதில்லை. இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

வண்டிக்கு நல்ல ஓட்டம் கிடைத்திருந்தது. துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்யும் பெண்களை ஏற்றி இறக்குவது. பெண்கள் போகும் வண்டிக்குப் பெண் ஓட்டுநர் என்பதால் அவளை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கட்டாயம். முன் கண்ணாடியில் ஒரு கேமரா இருக்க வேண்டும். டூட்டியில் வண்டி ஓடும் நேரமெல்லாம் அதுவும் ஓட வேண்டும். அந்த நேரத்தில் கேமரா அணைந்தால் அலுவலகத் திரையில் அந்தக் கட்டம் கறுத்துப்போகும்.

அந்தக் கட்டம் கறுத்தது, ஒரு முறை அல்ல, மூன்று முறை.

கிடங்கில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சில்வியா நல்ல மாதிரி. ராயபுரத்துக்காரி. ஒரு சனிக்கிழமை ஜோதிகாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஜோதி, நா சொல்றத கோவிக்காம கேளு. நீயே பிளக்க புடுங்கிட்டு தனி சவாரி அடிக்கிறியோன்னு மேல பேசறாங்க."

"அக்கா, நீங்களுமா?"

"நா நம்பினா இன்னா, நம்பாட்டி இன்னா? இன்னொரு வாட்டி கறுத்துச்சின்னா உன் ஓட்டத்த வேற வண்டிக்கு குடுத்துருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

ஜோதிகா தலையாட்டிவிட்டு வண்டிக்கு வந்தாள். படகை விற்று வாங்கியது. இதுவும் போனால், ராமதாஸை இரண்டாவது முறை கடலில் விட்ட மாதிரி.

அடுத்த புதன்கிழமை காலை அவள் ராயபுரத்துக்குப் போனாள். கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் தமீம் பாய்க்கு வண்டி எலக்ட்ரிக் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு பெஞ்சு, சுவர் நிறைய வயர். தமீம் எந்த வண்டியையும் வந்தவுடன் தொட மாட்டார். முதலில் டீ சொல்வார். டீ வரும்வரை வண்டிக்காரரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"எப்ப அணையுது தங்கச்சி? பள்ளத்துல குதிச்சாவா? ஏசி போட்டாவா? ஸ்டார்ட் பண்ணும்போதா?"

"ஒரு கணக்கு இல்ல பாய். திடீர்னு பூடுது. அதுவா வருது. மறுபடி பூடுது."

"ஏற்கெனவே யாருகிட்ட காட்டின?"

"எக்ஸ்பிரஸ் ரோட்டாண்ட ஒருத்தரு. மெமரி கார்ட மாத்தினாரு. அப்புறம் கேமராவுக்குப் போற கேபிள மாத்தினாரு."

"அப்புறம் உன் பர்ஸ மாத்தினாரா?"

அவள் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

தமீம் டீயை முடித்துவிட்டு எழுந்தார். எஞ்சினைப் போட்டார், நிறுத்தினார். விளக்கு, ஹாரன், ஏசி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். ஃபியூஸை உருவிப் பார்த்தார். வயரை அங்கங்கே பிடித்து ஆட்டினார். தன் கடையில் கிடந்த வேறொரு கேமராவை மாட்டினார். எல்லாம் கண் சிமிட்டாமல் ஓடின. அவளுடைய கேமராவை மறுபடி மாட்டினார். அதுவும் சமர்த்தாக ஓடியது.

"ஆஸ்பத்திரி வாசல பாத்ததும் காய்ச்சல் உட்டுப்போற கேசு இது" என்றார். "நோவு இருக்கும்போது கொண்டாந்தாதான் புடிக்க முடியும். நல்லா யோசிச்சி சொல்லு. அது அணைஞ்ச நாளுங்க எப்டி இருந்திச்சி? வெயிலா, மழையா?"

ஜோதிகா கண்ணை மூடி யோசித்தாள். வெயில் ஞாபகம் வரவில்லை. மழை வர இது மாசமில்லை. ஒரு வாசனை மட்டும் ஞாபகம் வந்தது.

"பூ வாசன பாய். அது அணையும்போதெல்லாம் உள்ள மல்லிப்பூ வாசன அடிச்சிது."

"பூ என்னிக்கி வெப்ப?"

"வெள்ளிக்கெழம. படத்துக்கு." டாஷ்போர்டில் ஒட்டியிருந்த அம்மன் படத்தைக் காட்டினாள். சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மூன்று முறையும் வெள்ளிக்கிழமை.

தமீம் தாடியைத் தடவினார். "ஒயருக்கு கெழம தெரியாது. மனுசனுக்குத்தான் தெரியும். வர்ற வெள்ளிக்கெழம டூட்டி எத்தினி மணிக்கி?"

"மத்தியானம் ரெண்டு மணி ஷிப்டு."

"அப்ப காலைல நேரா இங்க வா. நா ஜும்மா தொழுகைக்கு கெளம்பறதுக்குள்ள பாத்துடலாம்."

வெள்ளிக்கிழமை வந்தது. பூ வைத்து வண்டியை எடுத்தாள். எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போலக் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. திருவொற்றியூர் தாண்டும்போது கேமராவின் சின்னப் பச்சை விளக்கு துடித்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. உயிர் ஊசலாடும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

கடையில் தமீமின் வெள்ளை ஜிப்பா ஹேங்கரில் தயாராகத் தொங்கியது. இன்று அவர் டீ சொல்லவில்லை. எஞ்சின் ஓடும்போதே மீட்டரை எடுத்தார்.

"பாரு தங்கச்சி. ஃபியூஸ் பெட்டில பதினாலு வோல்ட் கீது. ஒயரோட இந்தக் கோடில, கேமராகிட்ட, பதினொண்ணு கூட இல்ல. கரண்டு போதலன்னா கேமரா தானே படுத்துக்கும். இங்க ஏறினது அங்க வந்து சேரல. நடுவுல எவனோ குடிச்சிகினு கீறான்."

"பூவா பாய்?"

அவர் பூச்சரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதுல சொட்டற தண்ணி ஒயருக்கு போவணும்னா ரெக்கை வேணும்" என்று சொல்லிவிட்டு, வயரின் வழியே கையை ஓட்டிக்கொண்டு போனார். இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில், ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழற்றினார். உள்ளே, யாரோ அவசரத்தில் போட்ட ஓர் ஒட்டு, கறுப்பு டேப் சுற்றித் தொங்கியது. டேப் ஈரமாக இருந்தது. பிரித்தார். செம்புக் கம்பி பச்சை பூத்து, நாலைந்து இழைகளில் மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளையாகப் பொடி.

தமீம் அந்தப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"கடக்கர காத்து பாய். எங்க வூட்ல ஜன்னல் கம்பி கூட…"

"காத்து துரு குடுக்கும். இவ்ளோ ஈரம் குடுக்காது. இது இன்னிக்கி காலைல ஊத்தின தண்ணி. வைப்பர் குந்திகினு கீற எடுக்குல உட்டா, ரப்பர் உட்டுப்போன ஓட்ட வழியா நேரா இங்க வந்து சொட்டும். மாசக்கணக்கா அரிச்சி இப்பத்தான் கம்பி இத்துப்போச்சி, ஈரத்துல கரண்டு பாடில எறங்கிடுது. ரெண்டு நாள்ல காஞ்சிடும். நீ புதன்கெழம கொண்டாந்தா நா இன்னாத்த புடிக்கிறது?"

ஜோதிகாவின் கண்ணுக்குள் ஒரு பித்தளைச் செம்பு வந்து நின்றது.

மறிக்கப்பட்ட செம்பு. கவிழ்க்கப்படாத செம்பு. துரு பிடிக்கும் என்று அவளேதானே சொல்லிக்கொடுத்தாள். துரு பிடிக்கட்டும் என்றுதான் அத்தை ஊற்றுகிறாளா? மகன் படகை விற்றவளின் வண்டி ஓடக்கூடாது என்றா?

தமீம் அவள் முகத்தைப் பார்த்தார். "யாருன்னு தெரிஞ்சிபோச்சி போல கீதே."

"தெரியும். சொல்ல மாட்டேன் பாய்."

"சொல்லாத. ஒயருக்குத்தான் நா வைத்தியன்." கெட்ட துண்டை வெட்டி எறிந்தார். புது வயரைப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் குழாயை மேலே மாட்டி, ஒட்டு தண்ணீர் சொட்டும் வழியில் இல்லாதபடி உயரத்தில் கட்டினார். ஓட்டை ரப்பரையும் மாற்றினார். கேமரா எரிந்தது. அப்படியே நின்றது.

"இன்னிக்கி டூட்டிக்கு பயமில்ல. ஆனா இத்த கேட்டுக்கோ. ஊத்திகினே இருந்தா இன்னிக்கி கேமரா ஒயரு, நாளைக்கி ஃபியூஸ் பெட்டி. ஊத்தற கைய நிறுத்தினாதான் தீரும்." பிறகு கேமராவில் எதையோ அழுத்தினார். "இதுல ஒரு வசதி கீது. வண்டி நிக்கும்போது யாரனா கிட்ட வந்தா தானா முழிச்சிகினு படம் எடுக்கும். உன் போனுக்கு வந்துடும். சண்ட போடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துடு தங்கச்சி. தப்பான ஒயர அறுத்துட்டா ஒட்ட வெக்கறது பேஜாரு."

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் "இந்தா"வுக்கும் பதில் இல்லை. பவுனம்மாள் சோறு போட்டு வைத்தால் ஜோதிகா வெளியே சாப்பிட்டேன் என்றாள். துணிகளை ஒரு பையில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். முடிவு செய்துவிட்டாள். அந்தக் கை ஊற்றுவதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. ஓட்டத்தைக் காப்பாற்ற வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும் நேரம் தலையணைக்குப் பக்கத்தில் போன் சின்னதாக முனகியது. ஜோதிகா படுத்தபடியே எடுத்துப் பார்த்தாள்.

திரையில் கார்க் கண்ணாடி. அதற்கு அப்பால் சாம்பல் நிற வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் பவுனம்மாள். ஈரப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் செம்பு. வண்டியைச் சுற்றிவந்து, குதிகாலை உயர்த்தி, கண்ணாடியின் அடியில் மெதுவாக ஊற்றினாள். கோபத்தில் ஊற்றுகிற கை அப்படி ஊற்றாது. குழந்தைக்குத் தலையில் தண்ணீர் விடுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணாடியில் தெறித்த துளிகளைத் துடைத்தாள்.

உள்ளே புழுங்காமல் இருக்க ஜோதிகா கார் ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பது வழக்கம். அந்த இடைவெளியில் குரல் கேட்டது.

"கடலாத்தா, எம்புள்ள படக வித்து வாங்கினது. இதுவும் படகுதான். வேணாம்னு சொல்லிச்சி. அது சின்னப்பொண்ணு, அதுக்கு தெரியாது, நீ மனசுல வெச்சிக்காத. அவன எடுத்துகின. நா கேட்டனா? ஒரு வார்த்த கேக்கல. ஜோதிய உட்டுடு. போன மாதிரி வூடு வந்து சேரணும். எனக்குன்னு கீறது என் பொண்ணு ஒண்ணுதான்."

படம் அதோடு நின்றது.

ஜோதிகா அதை மறுபடி ஓட்டவில்லை. ஒரு முறையே போதும். ஜோதி என்று அந்த வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று. மருமகள் என்றுகூட இல்லை, பொண்ணு என்று. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். ராமதாஸ் போன அன்று அழ வேண்டிய அழுகையில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அதுவும் சேர்ந்து வந்தது.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பவுனம்மாள் ஒன்றும் அறியாதவள்போலப் படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். செம்பு புடவைக்குள் ஒளிந்திருந்தது.

"அத்தே, அந்த செம்ப எடு."

"எந்த செம்பு?"

"மடியில குந்திகினு கீதே, அது."

பவுனம்மாள் செம்பை எடுத்து வெளியே வைத்தாள். திருட்டு பிடிபட்ட முகம். ஜோதிகா பக்கத்தில் உட்கார்ந்தாள். உப்பு சொட்டிய வயரைப் பற்றியும், கேமரா அணைந்ததையும், சில்வியா சொன்னதையும், போனில் தான் பார்த்ததையும் கேட்டதையும் நிதானமாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பவுனம்மாள் வெகுநேரம் கடல் பக்கம் பார்த்தாள். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வெளிச்சத்தில் துலங்க ஆரம்பித்திருந்தன.

"உன் பொழப்புல நான்தான் தண்ணி ஊத்தினனா?"

"தெரிஞ்சா ஊத்தின?"

"தெரியாம ஊத்தினாலும் தண்ணி தண்ணிதானே. இனிமே உடல. கை வராது." செம்பைத் தள்ளி வைத்தாள். சொன்னாளே தவிர, அவள் கண் வண்டியை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது பிடிவாதம் இல்லை. பயம். அந்தப் பயத்தோடு அவளை விட்டுவிட்டு எப்படி வண்டியை எடுப்பது?

ஜோதிகா தள்ளி வைத்த செம்பைக் கையில் எடுத்தாள்.

"படகுல அணியத்துல ஏன் அத்தே ஊத்தற?"

"அதுதானே மொதல்ல அலைய தொடும்."

"காருல ரோட்ட மொதல்ல தொடறது மூக்கு இல்ல. முன் டயரு."

பவுனம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டயரைப் பார்த்தாள். ஊரில் வயசான தலைவர்கள் வழக்கு கேட்பதுபோல இரண்டு பக்கமும் யோசித்தாள்.

"ரெண்டு டயரு கீதே."

"ரெண்டுத்துக்கும் ஊத்து. செம்பு பெரிசுதான்."

"டயரு கெட்டுப்பூடாதா?"

"அது ரப்பரு. அத நா பாத்துக்கறேன்."

பவுனம்மாள் தலையாட்டினாள். எழுந்து உள்ளே போகும்போது, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ஜோதி, கட்டிலுக்கு அடியில பை ஒண்ணு கீது. பூனை படுத்துக்கப் போவுது. துணிய எடுத்து பீரோல வை."

அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அன்று ஓட்டத்தில் கேமரா கண் மூடவில்லை. அடுத்த வாரமும் மூடவில்லை. சில்வியா ஒரு நாள் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"மேல வாய மூடிட்டாங்க ஜோதி. ஓட்டம் உன்னுதுதான். அப்டி இன்னா பண்ண?"

"ஒண்ணும் இல்லக்கா. தண்ணி ஊத்தற எடத்த மாத்தினோம்."

சில்வியாவுக்குப் புரியவில்லை. ஜோதிகா விளக்கவும் இல்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை விடியலில் அந்தப் போன் முனகும். திரையில் பவுனம்மாள் வருவாள், குனிவாள், மறைவாள். கேமராவுக்கு அவள் கொண்டையின் நுனி மட்டும் தெரியும். முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். உதடு அசைவது தெரியாது. வார்த்தைகளும் இப்போது கேட்பதில்லை. கேமரா கேட்கிறது என்று தெரிந்த பிறகு, வேண்டுதலை மனசுக்குள் வைத்துக்கொண்டுவிட்டாள்.

அவள் உள்ளே போனதும் ஜோதிகா ஒரு வாளி நல்ல தண்ணீரை எடுத்து வந்து இரண்டு டயரையும், அதன் உள் இரும்பையும் கழுவிவிடுவாள். பவுனம்மாள் அதை ஜன்னல் வழியே பார்ப்பாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்று நடந்தது. ஊற்றி முடித்து நிமிர்ந்த பவுனம்மாள், போக மனமில்லாமல் கண்ணாடிக்கு நேராக வந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கேமராவை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா மொறைக்கிற? எழுந்து வா. தோசைக்கு கல்லு வெச்சிட்டேன்."

கட்டிலில் படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோதிகா, "வரேன்மா" என்றாள். அது அந்தப் பக்கம் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் எழுந்து, வாசலுக்குப் போய், இன்னொரு முறை சொன்னாள்.